பிறவி இதய நோயும் ஒரு கண் மருத்துவரும்

குறையோடு பிறந்த குழந்தையைக் கண்டதும் ஊரார் வாயிலிருந்து எழும் முதற்கேள்வி, "தாய் என்ன செய்தாள்?" என்பதாகவே இருந்து வந்திருக்கிறது. கிரகண நேரத்தில் வாசலுக்கு வந்திருப்பாள். அந்திவேளையில் தலைவிரி கோலமாய்ப் புளிய மரத்தடியைக் கடந்திருப்பாள். சாவு வீட்டுக்குப் போய் அஞ்சியிருப்பாள். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு யார் மனத்தையோ நோகடித்திருப்பாள். இவ்வாறெல்லாம் பாட்டிமார் பேசினர். இது தமிழருக்கு மட்டுமே உரிய பேதைமை என எண்ணிவிடலாகாது. கருவுற்றவள் காணும் காட்சியும் கொள்ளும் அச்சமும் கருவிலே பதிந்துவிடும் என்று ஐரோப்பியரும் நெடுங்காலம் நம்பினர். மேலுதடு பிளந்து பிறந்த பிள்ளையைக் காட்டி, தாய் வழியில் முயலைக் கண்டு மிரண்டாள் என்றனர். நாட்டுக்கு நாடு கதை மாறியது. பழி மட்டும் எந்த நாட்டிலும் தாயைவிட்டு விலகவில்லை.

கண்ணுக்குத் தெரியும் குறைக்கே இத்தனை கதை என்றால், நெஞ்சுக்கூட்டுக்குள் மறைந்திருக்கும் குறைக்குக் காரணம் காண்பது எத்துணை அரிது! உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுள் ஏறத்தாழ 8 குழந்தைகள் இதயத்தில் ஏதேனும் ஒரு குறையோடு பிறக்கின்றன. சிலவற்றிற்கு இதய அறைகளுக்கு இடையேயுள்ள சுவரில் ஓட்டை. சிலவற்றிற்கு இரத்தம் செல்லும் வாயில் குறுகியிருக்கும். சிலவற்றிற்கு இரு பெருங்குழாய்கள் இடம் மாறி அமைந்திருக்கும். பிறவிக் குறைகளுள் மிகுதியாகக் காணப்படுவது இதயக் குறையே.

இக்குறை ஏற்படும் காலம் மிகக் குறுகியது. கரு தோன்றிய மூன்றாம் வாரத்தில் ஒரு சிறு குழாயாகத் தொடங்கும் இதயம், 22ஆம் நாளளவில் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. பின்னர் அக்குழாய் வளைகிறது. உள்ளே சுவர் எழுகிறது. எட்டாம் வாரம் முடிவதற்குள் நான்கு அறைகளும் வாயில்களும் பெருங்குழாய்களும் அமைந்துவிடுகின்றன. 'நாள் தள்ளிப் போயிருக்கிறதே' என்று ஒரு பெண் ஐயுறும் வேளையில், உள்ளே கட்டட வேலை பாதி நடந்தேறிவிட்டது எனலாம். மாமியார் செய்தி அறிந்து இனிப்பு வழங்கும்போது வேலை ஏறத்தாழ முடிந்தேவிடுகிறது. ஆகவே, இதயத்தைக் கெடுக்கும் காரணம் எதுவாயினும், அது தாய்மைச் செய்தி வெளிப்படும் முன்னரே வந்து போயிருக்கும். காரணத்தைக் கண்டறிய இத்தனை காலம் பிடித்ததற்கு இதுவே முதன்மையான ஏது.

19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இறந்த குழந்தைகளின் இதயங்களை அறுத்து ஆராய்ந்து குறைகளை வகைப்படுத்தினர். இலண்டன் மருத்துவர் தாமஸ் பீகாக் 1858இல் இதயக் குறைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். பிரான்சின் மார்சேய் நகரத்து ஆர்தர் ஃபாலோ, உடல் நீலம் பாரித்த நோயாளிகளின் இதயங்களில் நான்கு குறைகள் சேர்ந்தே காணப்படுவதை 1888இல் விளக்கினார். இன்றும் அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இத்துறையில் தம் வாழ்நாளையே செலவிட்டவர் கனடா நாட்டு மாது மாட் அபட். மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகம் அவருக்குக் கலைப்பட்டம் வழங்கியது. ஆனால் பெண் என்பதால் மருத்துவக் கல்விக்கு இடம் தர மறுத்தது. வேறு கல்லூரியில் பயின்று 1894இல் மருத்துவரானார். பின்னர் அதே மெக்கில் மருத்துவ அரும்பொருளகத்தின் பொறுப்பாளராகி, அங்குக் கண்ணாடிச் சாடிகளில் கிடந்த இதயங்களை ஒவ்வொன்றாக ஆராயலானார். 1936இல் அவர் வெளியிட்ட படநூல் 1,000 நோயாளிகளின் விவரங்களை அடிப்படையாகக் கொண்டது. எந்த இதயத்தில் என்ன குறை என்ற கேள்விக்கு அந்நூல் விடை சொல்லிற்று. ஏன் அந்தக் குறை என்ற கேள்விக்கு மட்டும் அவராலும் பெரிதாக ஒன்றும் சொல்ல இயலவில்லை. பிறவிக் குறை என்றால் பரம்பரைக் குறை என்றே பெரும்பாலோர் கருதினர். தாயின் வயிறு அரண் போன்றது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே நுழைந்து கருவைத் தீண்டாது என்பது அக்காலத்துப் பொதுக் கருத்து. அபட் 1940ஆம் ஆண்டு மறைந்தார்.

அதே 1940ஆம் ஆண்டில், உலகின் மறுகோடியில், அந்த அரண் உடைந்துகொண்டிருந்தது. அது எவர் கண்ணிலும் படவில்லை.

இரண்டாம் உலகப் போருக்கு ஆள் திரட்டப்பட்ட காலம். ஆஸ்திரேலியாவின் படைமுகாம்களில் இளைஞர்கள் நெருக்கமாகத் தங்கியிருந்தனர். அவர்களிடையே ஜெர்மன் தட்டம்மை பரவிற்று. ருபெல்லா எனவும் வழங்கும் இந்நோய் மிகவும் சாதுவானது. காதுக்குப் பின்னால் நெறி கட்டும். இலேசான காய்ச்சல் வரும். உடலில் மூன்று நாளைக்குச் செந்நிறத் தடிப்புகள் தோன்றி மறையும். மருத்துவரை நாடாமலே குணமாகிவிடும். விடுப்பில் வீடு திரும்பிய வீரர்களோடு நோயும் வீடு சென்றது. இளம் மனைவியருக்கும் தொற்றியது. அவர்கள் இரண்டொரு நாள் படுத்திருந்து எழுந்து தம் வேலையைப் பார்த்தனர்.

மறு ஆண்டு, 1941இல், சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் மெக்காலிஸ்டர் கிரெக்கிடம் கைக்குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரலாயின. முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றி வீரப் பதக்கம் பெற்றவர் அவர். அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வந்த குழந்தைகளின் கண்மணி வெண்மை பூத்திருந்தது, பிறவிக் கண்புரை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு காணக்கூடிய நோய் இப்படி வரிசையாக வருவானேன் என்று அவர் வியந்தார். கண்ணை மட்டும் பார்த்து அனுப்பாமல் குழந்தையை முழுமையாகப் பார்த்தார். அவை எடை குறைந்து மெலிந்திருந்தன. பால் குடிக்கவே திணறின. பலவற்றின் இதயத்தில் இயல்புக்கு மாறான ஒலி கேட்டது. கண் மருத்துவர் ஒருவர் இதயத்தைக் கேட்டது இவ்வரலாற்றின் முதல் நற்பேறு.

இரண்டாவது நற்பேறு அவருடைய காத்திருப்பு அறையில் நிகழ்ந்தது என்பர். குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தனர். கருவுற்ற தொடக்கத்தில் தனக்கு ஜெர்மன் தட்டம்மை கண்டிருந்ததாக ஒருத்தி சொல்ல, தனக்கும் அவ்வாறே என்றாள் மற்றொருத்தி. அது கிரெக்கின் செவியில் விழுந்தது. பெண்கள் பேச்சு என்று தள்ளிவிட அவர் மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு தாயையும் விசாரித்தார். குழந்தையின் பிறந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார். 1940இல் நோய் மிகுந்திருந்த மாதங்களும், அத்தாய்மார் கருவுற்ற முதல் மாதங்களும் ஒன்றாகவே அமைந்தன.

தம் நோயாளிகளின் கணக்கு போதாது என்பதை உணர்ந்து, பிற இடங்களில் பணியாற்றிய கண் மருத்துவர்களிடமும் விவரம் கேட்டுப் பெற்றார். மொத்தம் 78 குழந்தைகள். அவற்றுள் 68 குழந்தைகளின் தாய்மாருக்கு ஜெர்மன் தட்டம்மை கண்டிருந்தது. 44 குழந்தைகளுக்கு இதயக் குறை இருந்தது. 1941 அக்டோபர் 15ஆம் நாள் மெல்பர்ன் நகரில் கூடிய கண் மருத்துவர் மாநாட்டில் இவ்விவரங்களை அவர் கட்டுரையாகப் படித்தார். சோதனைக்கூடமோ நுண்நோக்கியோ இக்கண்டுபிடிப்புக்குத் துணை நிற்கவில்லை. தாய்மாரின் நினைவும் ஒரு நாட்காட்டியும் போதுமாயிருந்தன.

செய்தித்தாள்களில் இச்செய்தி வெளியானபின், காது கேளாத பிள்ளைகளைப் பெற்ற தாய்மார் சிலர், தங்களுக்கும் அந்நோய் கண்டதுண்டு என அவருக்குத் தெரிவித்தனர். கைக்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்பது உடனே புலப்படாதாகையால் அவர் கட்டுரையில் செவிட்டுத்தன்மை இடம்பெறவில்லை. இவ்வகையிலும் தாய்மாரே மருத்துவருக்கு வழிகாட்டினர்.

உலகம் உடனே தலையசைக்கவில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் சார்ல்ஸ் சுவானும் அவர்தம் குழுவினரும் 1943இல் நடத்திய ஆய்வு கிரெக்கின் முடிவை உறுதிப்படுத்திய பின்னரும், இலண்டனின் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழ் 1944இல், இன்னும் இது மெய்ப்பிக்கப்படவில்லை என்ற கருத்தையே எழுதிற்று. அந்த ஐயத்தை முற்றிலும் குறைகூற முடியாது. குறையுள்ள குழந்தைகளை முதலில் எடுத்துக்கொண்டு தாயை விசாரித்தால், நோய் கண்டும் நல்ல குழந்தையைப் பெற்ற தாய்மார் கணக்கில் வரவேமாட்டார்கள். விடைத்தாளில் தவறிய மாணவரை மட்டும் கூட்டி வைத்து விசாரணை நடத்துவது போன்றதே அது. ஆயினும், தொலைவிலுள்ள காலனி நாட்டிலிருந்து ஒரு கண் மருத்துவர் சொல்கிறாரே என்ற அலட்சியமும் அந்த ஐயத்தில் கலந்திருந்ததோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இறுதியில் ஐயம் தீர உதவியவற்றுள் ஒன்று, அரசாங்க அலமாரியில் கிடந்த பழைய கணக்கேடு. ஆலிவர் லங்காஸ்டர் என்னும் புள்ளியியல் அறிஞர் ஆஸ்திரேலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைப் புரட்டினார். 1911ஆம் ஆண்டுக் கணக்கில், காது கேளாதோருள் 10 முதல் 14 வயது வரையிலானோர் தொகை வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருந்தது. 1921ஆம் ஆண்டுக் கணக்கில் அதே உயர்வு 20 முதல் 24 வயது வரையிலானோரிடம் காணப்பட்டது. அவர்களுள் பலர் 1898, 1899ஆம் ஆண்டுகளில் பிறந்தவர்கள். அக்காலத்திலும் ஜெர்மன் தட்டம்மை பரவியிருந்ததை லங்காஸ்டர் 1951இல் எடுத்துக்காட்டினார். கிரெக் கண்டது புதிய நோயன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தலைமுறையின் செவியை அது பறித்திருந்தது. எண்ணியவர்கள் இருந்தனர், ஏன் என்று கேட்டவர்தாம் இல்லை. அந்த நாற்பது ஆண்டுகளில் எத்தனை தாய்மார் தம்மையே நொந்துகொண்டனரோ, யாரறிவார்!

தாயின் இரத்தத்தில் நுழையும் ருபெல்லா வைரஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. வளரும் அணுக்களின் பெருக்கத்தைத் தடுக்கிறது. கருவிலிருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. ஆதலால், நுரையீரலுக்குச் செல்லவேண்டிய இரத்தத்தைப் பெருந்தமனிக்குத் திருப்பிவிட இயற்கை ஒரு சிறு குழாயை வைத்திருக்கிறது. பிறந்த சில நாள்களில் அது தானே மூடிக்கொள்ளும். ருபெல்லாக் குழந்தைகளில் பலவற்றிற்கு அக்குழாய் மூடாமலே நின்றுவிடுகிறது. வேறு சிலவற்றிற்கு நுரையீரலுக்குச் செல்லும் தமனி குறுகிவிடுகிறது. இங்கிலாந்தில் 1982இல் வெளியான ஆய்வில், முதல் 12 வாரங்களுக்குள் தடிப்போடு நோய் கண்ட தாய்மாரின் கருக்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தொற்றுக்கு உள்ளாயிருந்தன. 11ஆம் வாரத்துக்கு முன் தொற்றுக்குள்ளான குழந்தைகள் அனைத்திலும் குறை காணப்பட்டது. இதயக் குறையும் செவிட்டுத்தன்மையுமே அவற்றுள் முதன்மையானவை. 16ஆம் வாரம் கடந்தபின் தொற்றியவற்றில் அத்தகைய குறை காணப்படவில்லை. கிரெக்கின் நாட்காட்டிக் கணக்கு பிழைபடவில்லை.

வைரஸ் 1962இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்குத் தடுப்பூசி வருமுன், 1964, 1965ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவைப் பெரும் கொள்ளைநோய் தாக்கிற்று. ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேருக்கு நோய் கண்டது; 20,000 குழந்தைகள் குறைகளோடு பிறந்தன. தடுப்பூசி 1969இல் அங்கு ஒப்புதல் பெற்றது. அதை யாருக்குப் போடுவது என்பதில் நாடுகள் கருத்து வேறுபட்டன. அமெரிக்கா ஆண், பெண் பாராமல் எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டது. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் தாயாகப் போகும் வயதை நெருங்கும் பள்ளி மாணவியரைத் தேர்ந்தெடுத்தன. சிங்கப்பூர் 1976இல் தொடக்கப்பள்ளியை முடிக்கும் மாணவியருக்கு இத்தடுப்பூசியை வழங்கத் தொடங்கிற்று. மலேசியா 1988இல் 12 வயது மாணவியருக்கு வழங்கலாயிற்று.

ஆறாம் ஆண்டு மாணவியரை வரிசையில் நிறுத்தி, சட்டைக் கையை மடித்துவிட்டு, அழுகிற பிள்ளையைத் தேற்றி அனுப்பிய ஆசிரியைகள் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். பையன்களுக்கு ஏன் ஊசி இல்லை என்று மாணவியர் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வியே. பையன்கள் வழியாக நோய் தொடர்ந்து உலவிக்கொண்டுதான் இருந்தது. அதனாற்போலும் சிங்கப்பூர் 1990இலும் மலேசியா 2002இலும் மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியைச் சிறு குழந்தைகள் அனைவருக்கும் போடும் முறைக்கு வந்தன. தமிழ்நாட்டில் இதற்கான பெரும் இயக்கம் 2017இல்தான் தொடங்கியது. பெற்றோர் சிலர் வதந்திகளை நம்பி அஞ்சியதால், பள்ளி ஆசிரியர்கள் அவர்களை இணங்க வைக்கப் பெரும்பாடு பட்டனர். அமெரிக்கக் கண்டங்கள் 2015இலும், கிரெக்கின் ஆஸ்திரேலியா 2018இலும் ருபெல்லா ஒழிந்த நாடுகளாக அறிவிக்கப்பட்டன.

ருபெல்லா திறந்துவிட்ட கதவின் வழியே வேறு காரணங்களும் வெளிப்பட்டன. மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் விற்கப்பட்ட தாலிடோமைடு என்னும் மருந்தைக் கருவுற்ற பெண்கள் உறக்கத்துக்காகவும் குமட்டலுக்காகவும் உண்டனர். கைகால் வளராத குழந்தைகள் பிறந்தன; அவற்றுள் பல இதயக் குறையும் உடையவை. ஹாம்பர்க் நகர மருத்துவர் விடுகின்ட் லென்ஸ், சிட்னி மருத்துவர் வில்லியம் மெக்பிரைடு ஆகியோரின் எச்சரிக்கையால் 1961இல் உண்மை வெளிப்பட்டது. அமெரிக்க மருத்துவ மாது ஹெலன் டாசிக் 1962இல் ஜெர்மனிக்கு நேரில் சென்று கண்டு, திரும்பித் தம் நாட்டை எச்சரித்தார். நீலம் பாரித்த குழந்தைகளுக்கு 1944இல் பால்டிமோரில் முதன்முதலாகச் செய்யப்பட்ட இதய அறுவை முறையை எண்ணிக் கண்டவர் அவரே. செவிப்புலன் குன்றியதால், குழந்தைகளின் நெஞ்சில் விரல் வைத்தே இதயத்தை அறிந்தவர் அவர்.

டவுன் நோய்க்குறி உடையோரிடம் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதைப் பாரிசில் 1959இல் கண்டறிந்தனர். அக்குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறை உண்டு. தாயின் வயது ஏற ஏற இதற்கான வாய்ப்பும் ஏறுகிறது. மது கருவைத் தாக்கும் முறையை அமெரிக்க மருத்துவர்கள் 1973இல் விளக்கினர். வலிப்புக்கும் மனநோய்க்கும் முகப்பருவுக்கும் தரப்படும் சில மருந்துகளும் கருவின் இதயத்துக்கு ஊறு செய்யவல்லவை. எனவே, அவற்றை உண்ணும் பெண்கள் கருவுற எண்ணும்போதே மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும். தாமாக நிறுத்திவிடுவதும் ஆபத்தே.

நம்மவர் கருத்தூன்ற வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று நீரிழிவு. கருவுறும் முன்னரே நீரிழிவு உள்ள தாயின் குழந்தைக்கு இதயக் குறை ஏற்படும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடப் பன்மடங்கு மிகுதி. மலேசியாவில் இந்தியரிடையேதான் இந்நோய் மிகுதி என்பதைச் சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வந்துள்ளன. இதயம் முதல் எட்டு வாரத்திலேயே அமைந்துவிடுவதால், மூன்றாம் மாதம் மருத்துவமனையில் பதிந்தபின் சர்க்கரையைக் கட்டுப்படுத்தத் தொடங்குவது இதயத்தைப் பொறுத்தவரை காலங்கடந்த செயல். மற்றொன்று உறவு மணம். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பதைத் தமிழர் உரிமையாகவே போற்றி வந்தனர். தென்னிந்தியாவிலும் லெபனானிலும் சவூதி அரேபியாவிலும் நடந்த ஆய்வுகள், நெருங்கிய உறவில் மணந்தோரின் குழந்தைகளிடம் இதயக் குறை சற்று மிகுந்திருப்பதைக் காட்டின. அத்தகைய மணத்தில் பிறப்போருள் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கின்றனர் என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

இத்தனையும் கூட்டிப் பார்த்தாலும், பிறவி இதய நோயுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு 'இதுதான் காரணம்' என்று சுட்டிக்காட்ட மருத்துவத்தால் இன்றும் இயலவில்லை. பல மரபணுக்களும் சூழலும் சேர்ந்து விளைவிப்பது என்பதே அறிஞர் கொள்கை. குறையுள்ள ஒரு பிள்ளையைப் பெற்றவளுக்கு அடுத்த பிள்ளையும் அவ்வாறே பிறக்கும் வாய்ப்பு பொதுவாக 100க்கு 2 முதல் 5 வரையே. விடை கிடைக்காத அந்த இடத்தில்தான் கிரகணமும் தோஷமும் மீண்டும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தெரியவில்லை என்று மருத்துவர் சொல்வதை, தாயின் குற்றம் என்று வீட்டார் மொழிபெயர்த்துக்கொள்கின்றனர். காரணம் தெரிந்த இனங்களிலும்கூட, 1940ஆம் ஆண்டில் கணவன் கொணர்ந்த மூன்று நாள் காய்ச்சலுக்கு எந்தப் பெண் பொறுப்பாவாள்?

சர் பட்டம் பெற்ற கிரெக், தடுப்பூசி வருவதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1966இல் காலமானார். அவர் காலத்து ருபெல்லாக் குழந்தைகளுள் 50 பேரைச் சிட்னி மருத்துவர்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் தேடிப்பிடித்து, 1967இல் அவர்கள் நிலையை வெளியிட்டனர். ஏறத்தாழ அனைவருக்கும் காது கேட்கவில்லை. பலருக்குக் கண்பார்வை குன்றியிருந்தது. சிலருக்கு இதயக் குறை இருந்தது. ஆயினும், அவர்களுள் பெரும்பாலோர் வேலை பார்த்துத் தம் காலில் நின்றனர். சிலர் மணம் முடித்திருந்தனர்.